பேர் சொல்லாத ஆறு நாள்

பெற்ற மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சுப்பாத்தாளுக்குக் கட்டளை. கட்டளை போட்டவர் வேறு யாருமில்லை, உடன்பிறந்த அண்ணன் ரத்தினசாமி. தீக்காய வார்டின் ஒன்பதாம் நம்பர் கட்டிலில், தலை முதல் இடுப்பு வரை வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தவன் அவள் மகன் வேல்குமார். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சீட்டில் இருந்த பேர் ஜெயபாண்டி. நர்ஸ் வந்து, "ஜெயபாண்டி, கண்ணத் தொறங்க" என்பாள். அவன் திறக்க மாட்டான். யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டால் எவன் திறப்பான்? சுப்பாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் ரத்தினசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிப்போகும். அது கொடுப்பதும் வேண்டாம், கேட்பதும் வேண்டாம். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கிற கரும்பைக்கூட வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார். தெருவே மிக்ஸியும் கிரைண்டரும் சுமந்து வந்த நாளில் அவர் மனைவி சித்ராதேவி மட்டும் வெறுங்கையோடு கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். "கை காலு நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு ஓசி?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாக வந்தவர்களிடமும் அதே பேச்சுத்தான். கும்பிட முருகன், தாங்கக் குடும்பம், பிழைக்கத் தொழில். இந்த மூன்றும் இருக்கிறவன் வாசலில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி சும்மா வந்ததில்லை. சோமனூரில் அப்பாவின் தறிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து வீரபாண்டியில் சாயப்பட்டறை போட்டவர் அவர். சாயப்பட்டறைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்ட வருஷத்தில், ஒரு நாள் காலையில் அவருக்கும் கரண்டைப் பிடுங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் கறுப்பாக ஓடியது அவருக்கும் தெரியும். பூட்டுப் போட்டவர்களில் ஒருத்தராவது, அவரிடம் வேலை பார்த்த இருபது பேர் மறுநாள் என்ன தின்றார்கள் என்று கேட்கவில்லை என்பதும் தெரியும். தோட்டத்தை விற்று எழுந்து, அதே இடத்தில் காம்பாக்டிங் பட்டறை போட்டார். சாயம் ஏறி வரும் பனியன் துணியை ஆவியில் காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, துவைத்தால் சுருங்காதபடி அடக்கித் தருகிற வேலை. கொரோனாவில் வண்டி வாகனமெல்லாம் நின்றபோது, பட்டறைக்குள் மாட்டிக்கொண்ட பீகார்ப் பையன்கள் ஏழு பேருக்கு இரண்டு மாதம் அவர் வீட்டில்தான் உலை கொதித்தது. வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாத மனிதர்.

சர்க்கார் சொல்லி அசையாதவர், சரக்கு வாங்குகிற பையர் சொன்னதும் அசைந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டுக்கு ஆள் அனுப்பியது. துணி கொடுக்கிற எக்ஸ்போர்ட்காரர், ஆட்களுக்கு இஎஸ்ஐ காப்பீடு இல்லாத பட்டறைக்கு இனிமேல் துணி வராது என்று சொல்லிவிட்டார். மார்க்கெட் சொன்னால் அது வேறு. இரண்டே நாளில் பதினொரு பேருக்கும் பதிந்து அட்டை வாங்கிக் கொடுத்தார்.

பன்னிரண்டாவது ஆள் வேல்குமார். மூன்று வயதில் தகப்பனைத் தின்றவன் என்று ஊர் சொன்ன பையனைத் தூக்கிக்கொண்டு சுப்பாத்தாள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணனுக்குப் பிள்ளையில்லை. அன்றைக்கே அந்த வீட்டில் எல்லாம் முடிவாகிவிட்டது. அட்டைக்குப் பதிந்த அன்று கணக்கு எழுதுகிறவர் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, தம்பி பேரையும் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார். "அவன் ஆளில்லீங்க. நாளைக்கு மொதலாளி" என்றார் ரத்தினசாமி. டீ கொண்டு வந்த சுப்பாத்தாளுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஊரில் பாதிப் பட்டறைகளில் இப்படி ஒரு வீட்டுப் பையன் உண்டு. எல்லோருக்கும் முன்னால் வந்து பாய்லர் பற்றவைப்பான், எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டுவான், எந்த லிஸ்ட்டிலும் இருக்க மாட்டான்.

ஐப்பசி மாதம். அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய பிறகு ஆர்டர் வற்றி, வாரத்தில் இரண்டு நாள் மிஷின் ஓடினால் பெரிய விஷயம். வரி போட எந்த சர்க்காரானால் என்ன என்று ரத்தினசாமி அதற்கும் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புதன்கிழமை அதிசயமாக ஒரு லோடு துணி வந்தது, சாயங்காலத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்ற பேச்சோடு. காலையிலிருந்து தூறல். பாய்லர், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சின்னதாகப் பார்த்து வாங்கியது. ஆவி போகிற பைப்பின் ஒரு இணைப்பில் ஒரு வாரமாகவே கசிவு இருந்தது. நிறுத்திவிட்டுச் சரி செய்யலாம் என்றான், அட்டை வாங்கிய பதினொரு பேரில் ஒருவனான ஜெயபாண்டி. நிறுத்தினால் சூடேற மறுபடி இரண்டு மணி நேரம் ஆகும் என்று ரத்தினசாமி சொன்னார். சொன்னது அவர்தான். அதைக் கேட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுகிற பைப்பின் மேல் குனிந்தவன் வேல்குமார். இணைப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆவி முகத்திலும் நெஞ்சிலும் கையிலும் அடித்தது. ஜெயபாண்டிதான் ஈரத் துணியைப் போர்த்தி, தன் கையும் வெந்துபோக அவனை வெளியே இழுத்தான்.

மருத்துவக் கல்லூரியோடு இருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முதலுதவி முடிந்து முகமெல்லாம் கட்டுப் போட்டாயிற்று. மாதக்கணக்கில் ஆகும், என்ன கார்டு வைத்திருக்கிறீர்கள் என்று கவுண்டரில் கேட்டார்கள். ரத்தினசாமி வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றார். வீட்டில் ஒரு காப்பீட்டு அட்டையும் கிடையாது. கையில் இருப்பது மூன்று நாளைக்குக் காணாது.

ஜெயபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எட்டு வருஷமாக இவரிடம் வேலை. அவன் வெந்த கையால் சட்டைப் பைக்குள் துழாவினான்.

"மொதலாளி, என் கார்டு இருக்குல்ல. தம்பி மொகத்துலதான் கட்டுப் போட்டாச்சே, யாரு வந்து பாக்கப் போறா? மொத உசுரு பொழைக்கட்டும்."

ரத்தினசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அட்டை கவுண்டருக்குள் போய்விட்டது. எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, வீட்டில் வெந்நீர் அண்டா கவிழ்ந்தது என்று அவர் வாயே சொல்லிவிட்டது. பட்டறை என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் வருவானே.

அதற்குப் பிறகு எல்லாம் அந்தப் பேருக்குத் தக்கபடி நடக்க வேண்டியதாயிற்று. ஜெயபாண்டியின் மனைவி மூக்கம்மாள் கட்டிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள், சம்சாரம் என்ற முறையில். பெற்றவள் சின்னம்மா ஆனாள். நிஜ ஜெயபாண்டி கையில் கட்டோடு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தான். சித்ராதேவி காலையும் மாலையும் பிளாஸ்கில் கஞ்சி கொண்டு வருவாள், கொண்டு வந்ததை அப்படியே திருப்பிக் கொண்டு போவாள். போர்வைக்கு வெளியே வேல்குமாரின் உடம்பில் தெரிந்த இடம் பாதம் ஒன்றுதான். சுப்பாத்தாள் அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். இடது காலில் இரண்டாம் விரல் கட்டைவிரல் மேல் ஏறியிருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்தால் அந்த விரல் கொப்புளித்துப் போகும், அவள்தான் விளக்கெண்ணெய் போட்டு விடுவாள். இப்போதும் அந்த விரலைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் துணிக்குள்ளிருந்து "ம்மா" என்பது போல ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் அதை மூக்கம்மா என்று எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்து, உங்களைத்தான் கேட்கிறார், பக்கத்தில் போய்ப் பேசுங்கள் என்றாள். மூக்கம்மாள் எழுந்தாள். சுப்பாத்தாளைப் பார்த்தாள். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவள் அழுததைப் புருஷனுக்காக அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். சுப்பாத்தாள் பாதத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். பேர் தொண்டை வரை வந்தது. வாசலில் நின்றிருந்த அண்ணன் தலையை அசைத்து வேண்டாம் என்றார். அடக்கிவிட்டாள்.

ரத்தினசாமி முருகனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. பையன் எழுந்தால் இருவரும் மொட்டை போட்டுப் பால்குடம் எடுப்பதாக ஒன்று. பட்டறையில் பாதியை ஆண்டவன் பேருக்கு எழுதி வைப்பதாக இன்னொன்று. வேண்டும்போது ஒரு சங்கடம் இருந்தது. யாருக்காக என்று பேர் சொல்லித்தானே வேண்ட வேண்டும்? வார்டுக்குள் நிற்கும்போது மனசுக்குள்ளேகூட அவருக்கு அந்தப் பேர் வர மறுத்தது. இது தெரிந்தால் சுப்பாத்தாள் தாங்க மாட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு நாள் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு உயிர் பிரிந்தது.

போலீஸ் தகவல், பிரேதப் பரிசோதனை என்று பிணவறைப் பக்கம் கொண்டு போனார்கள். ரத்தினசாமி போய் ஒரு கோடி வேட்டி வாங்கி வந்தார். பாடையில் ஏற்றுமுன் தாய்மாமன் கோடி போட வேண்டும், அது அவர் கடமை. மஞ்சள் பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே நின்றார். தூறல் விடவில்லை. ஏட்டு சீனிச்சாமி பெஞ்சில் காகிதத்தைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். இறந்தவர் பெயர் ஜெயபாண்டி. வயது முப்பத்து நான்கு. வீட்டில் வெந்நீர் கொட்டி விபத்து.

"சம்சாரம் யாரு? வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு பாடிய வாங்கிக்கோம்மா" என்றார்.

மூக்கம்மாள் நகரவில்லை. ரத்தினசாமி அவளைச் சுவரோரம் தனியாகக் கூட்டிப் போனார். ஒரே ஒரு கையெழுத்துத்தான் என்றார். உடம்பை வாங்கி எரித்துவிட்டால், பிறகு வக்கீலைப் பிடித்து எல்லாவற்றையும் நேர் செய்துகொள்ளலாம் என்றார். நேர் ஆகாமல் போனாலும் அவர்கள் குடும்பத்தைக் கடைசி வரை தான் தாங்குவதாகச் சொன்னார். அதோடு நிற்காமல் அவர் வாய் தன் போக்கில் போயிற்று.

"உனக்கும் ஒண்ணும் கெட்டுப் போகாதும்மா. சர்க்காரு ஏதாச்சும் மாசாமாசம் உனக்குக் குடுக்கும்..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே காது கூசிவிட்டது. பாதியில் நிறுத்தினார்.

"மொதலாளி" என்றாள் மூக்கம்மாள். குரலை உயர்த்தவில்லை. "ஆறு நாளா அந்தத் தம்பிக்குப் பொண்டாட்டின்னு ஒக்காந்திருந்தேன். உசுரக் காப்பாத்தத்தானேன்னு ஒக்காந்தேன். இப்ப எங்க வீட்டுக்காரு செத்துட்டாகன்னு எழுதிக் கையெழுத்துக் கேக்குறீக. அவுக அந்தா டீக்கடையில நிக்காக. நிக்க வச்சுக்கிட்டே நான் தாலிய அறுக்கணுமா?"

அவர் ஏட்டின் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு எம் புள்ளைகளத் தகப்பன் இல்லாததுகன்னு பள்ளிக்கூடத்துல எழுதிப்புட்டா, யாரு வந்து அழிப்பா? ஊருல எங்க மாமியாளுக்குச் சேதி போனா அது தாங்குமா? நீங்க எங்களுக்குச் செஞ்சத நான் மறக்கல. வேற எதை வேணாலும் கேளுங்க. இதக் கேக்காதீக."

நியாயம் அவள் பக்கம் இருந்தது, அது அவருக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அட்டையை மாற்றிக் கொடுத்த குற்றம், விபத்தை மறைத்த குற்றம், பட்டறைக்குப் பூட்டு. ஒரு தடவை பூட்டுப் போட்டபோது வயசு இருந்தது. இப்போது அறுபதை நெருங்கியாயிற்று, எழுப்பி நிறுத்த வேண்டிய பையனும் உள்ளே கிடக்கிறான். இனி அந்தப் பட்டறை யாருக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தும், அது போய்விடக் கூடாது என்கிற பதைப்பும் கூடவே இருந்தது. மனிதன் அப்படித்தான் இருக்கிறான், என்ன செய்வது.

நாலைந்து அடி தள்ளி, நனைந்த சிமெண்டுத் தரையில் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். சித்ராதேவி அவளைத் தோளோடு அணைத்திருந்தாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. தங்கச்சி ஏதாவது ஒரு வழி சொல்லமாட்டாளா என்று ரத்தினசாமி அவளைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பேருலயே எரிச்சுப் போடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆறு நாளா என்ற பையன வாயத் தொறந்து கூப்புடுலீங்க. உசுரு போறப்பக்கூடக் கூப்புடுல. காலத்தான் புடிச்சிட்டு நின்னேன். ஒருக்காக் கூப்புட்டிருந்தாக் கண்ணத் தொறந்து பாத்திருப்பான். இனி அவனுக்குன்னு இருக்கறது பேரு ஒண்ணுதானுங்க. அதையும் எடுத்துப் போடாதீங்க."

ரத்தினசாமி மஞ்சள் பையைச் சித்ராதேவியிடம் கொடுத்துவிட்டு ஏட்டிடம் போனார். பெஞ்சுக்கு முன்னால் நின்று, உள்ளே கிடப்பது ஜெயபாண்டி இல்லை என்று சொன்னார்.

ஏட்டு பேனாவை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. என்ன காரியம் செய்தீர்கள் பெரியவரே என்று மட்டும் கேட்டுவிட்டு முழுசும் சொல்லச் சொன்னார். ரத்தினசாமி சொன்னார். உள்ளே கிடப்பது வேல்குமார்தான் என்று அடையாளம் யார் காட்டுவது என்ற பேச்சு வந்தது. ஆதார் அட்டையில் இருந்த முகம் இப்போது இல்லை. கைரேகை எடுக்க விரலில் தோலும் இல்லை. சுப்பாத்தாளைக் கூட்டிப் போனார்கள். அவள் தலைப்பக்கம் போகவே இல்லை, கால்மாட்டுத் துணியை விலக்கி இடது காலைக் காட்டினாள். கட்டைவிரல் மேல் ஏறிய விரல். ஏட்டு எழுதிக்கொண்டார்.

அட்டையைக் கொடுத்தது யார் என்று கேட்டார். டீக்கடையை விட்டு ஜெயபாண்டி தலைத் துண்டை இறக்கிக்கொண்டு பெஞ்சுக்கே வந்துவிட்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ரத்தினசாமி முந்திக்கொண்டார். நான்தான் கேட்டு வாங்கினேன், எதற்கென்று அவனுக்குத் தெரியாது என்றார். ஏட்டு நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார். "பையன் ஊட்டு ஆளா இருந்து சும்மா வந்து கை குடுத்தானா, இல்ல உங்ககிட்ட வேல பாத்தவனா? நீங்க அவனுக்கு மாமன்னு எழுதறதா, மொதலாளின்னு எழுதறதா? சித்தெ யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால மாத்த முடியாது."

மாமன் என்று சொன்னால் பாதி வழக்கு கழன்றுவிடும் என்பது ஏட்டின் குரலிலேயே இருந்தது. அது பொய்யும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவர் மாமன்தான். எதையும் குடும்பத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம், வெளியாள் எவனும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே வந்த வாய்க்கு அந்தச் சொல் தானாக வரும். மாமனாக இருந்தால் தங்கச்சியைத் தன் காலம் வரை தாங்கலாம். அதற்குப் பிறகு? பட்டறையில் செத்த ஆளின் தாய் என்று நாலு பேர் முன்னால் அவள் எதையாவது கேட்டு நிற்க வேண்டுமானால், அதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் செய்தவரும் இதே மாமன்தான்.

"மொதலாளிங்க" என்றார். "பட்டறையிலதான் அடிபட்டான். ஒம்போது வருசம் எங்கிட்ட வேல செஞ்ச ஆளுங்க. லிஸ்ட்டுல பேரெழுதாம உட்டது நானு. மிஷின நிறுத்த வேண்டாம்னு சொன்னதும் நானு."

ஏட்டு எழுதி முடித்தார். திருத்திய காகிதங்கள் வந்து உடம்பைத் தாயிடம் ஒப்படைக்க மத்தியானம் ஆகும் என்றார். ரத்தினசாமி அதுவரை நிற்க முடியாது, இப்போதே ஸ்டேஷனுக்கு வர வேண்டும். எடுக்கிற நேரத்துக்கு விட முடியுமா என்று ரத்தினசாமி கேட்டதற்கு, ஏட்டு கையை விரித்தார். வேண்டுமானால் ஒரு நிமிஷம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார்.

சித்ராதேவியிடமிருந்து மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு ரத்தினசாமி தங்கச்சியிடம் போனார். கோடி வேட்டியை வெளியே எடுத்து நீட்டினார். மாமன் கையால் போட வேண்டியதை வேறு யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தாயின் கையிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. தான் சொன்னதை அவள் கேட்டிருப்பாள் என்று நினைத்தார். ஏதாவது ஆறுதலாக ஒரு சொல் வருமென்று நிஜமாகவே எதிர்பார்த்தார், அந்த நேரத்திலும்.

சுப்பாத்தாள் வேட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு அவருகிட்டச் சொன்னீங்களே அண்ணா, வேல செஞ்ச ஆளுன்னு. அத அன்னிக்கே அந்தக் கணக்கருகிட்டச் சொல்லியிருந்தா, என்ற பையன் அவன் பேருலயே படுத்திருப்பானுங்களே. நானும் வாய் நெறையக் கூப்புட்டிருப்பேன். அன்னிக்கு நானும் சிரிச்சிட்டுத்தான் நின்னேன்."

சொல்லிவிட்டு, வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். மூக்கம்மாளும் அவள் பின்னாலேயே போனாள்.

ரத்தினசாமி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பதற்குள், உள்ளேயிருந்து சுப்பாத்தாளின் குரல் வந்தது. ஆஸ்பத்திரிக்கே கேட்கிற குரல்.

"வேலு. அம்மா வந்திருக்கறன் சாமி. கண்ணத் தொற."

மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது.